பேங்க் ஆப்பிலேயே முதலீடு செய்யலாமா? அம்மா கேட்ட ஒரு கேள்வி

"நான் கண்டதுலயும் போடலடி. பேங்க்ல போட்டிருக்கேன், பேங்க்ல!"

போன மாதம் கும்பகோணம் வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மா என்னிடம் இப்படித்தான் சொன்னார். அவருடைய மியூச்சுவல் ஃபண்டு கணக்கில் நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அவர் போனை வாங்கியிருந்தேன். பேங்க் ஆப்பில் 'முதலீடு' என்ற பகுதியைத் திறந்தால், 2019-ல் ஆரம்பித்த எஸ்.ஐ.பி ஒன்று மாதம் 5,000 ரூபாய் வீதம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. நானும் அதே ஃபண்டில்தான் போடுகிறேன். ஆனால், அம்மாவின் ஃபண்டு பெயருக்குப் பின்னால் 'ரெகுலர்' என்று இருந்தது. என்னுடையதில் 'டைரக்ட்' என்று இருக்கும்.

இந்த ஒரு வார்த்தைதான் இந்த வாரம் நாம் பேசப்போகும் விஷயம்.

பேங்க் இங்கே யார்?

நாம் டெபாசிட் போடும்போது பணத்தை வாங்கிக்கொள்வது பேங்க். அந்தப் பணத்துக்கு அதுதான் பொறுப்பு. ஒருவேளை பேங்க் திவாலானாலும், ஒருவருக்கு ஒரு வங்கியில் வட்டியோடு சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் இன்ஷூரன்ஸ் உண்டு.

அதே பேங்க் ஆப்பில் மியூச்சுவல் ஃபண்டு வாங்கும்போது பேங்க் ஒரு விநியோகஸ்தர் மட்டுமே. பணம் ஃபண்டு நிறுவனத்துக்குப் போகிறது. யூனிட்டுகள் உங்கள் பெயரில் அங்கே இருக்கின்றன. எனவே, பேங்க் மூடினாலும் உங்கள் யூனிட்டுகளுக்கு ஒன்றும் ஆகாது. சந்தை விழுந்தால் பேங்க்கும் காப்பாற்றாது, டெபாசிட் இன்ஷூரன்ஸும் வராது. 'பேங்க்ல போட்டிருக்கேன்' என்ற நிம்மதிக்கு இங்கே வேலை இல்லை.

கமிஷன் எங்கே ஒளிந்திருக்கிறது?

விநியோகஸ்தருக்கு ஃபண்டு நிறுவனம் கமிஷன் கொடுக்கிறது. அது நம் பணத்திலிருந்துதான் போகிறது. ஆனால், பில் எதுவும் வராது. ஃபண்டின் செலவுக் கணக்கில் சேர்ந்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்துவிடும். இதுதான் ரெகுலர் பிளான். 2013 ஜனவரி 1 முதல் எல்லா ஃபண்டு நிறுவனங்களும் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானையும் தர வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியது. ஃபண்டு மேனேஜரும் ஒருவர்தான், வாங்கும் பங்குகளும் ஒன்றுதான், செலவு மட்டும் வேறு.

பங்குச் சந்தை ஃபண்டுகளில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் வருஷத்துக்கு அரை முதல் ஒரு சதவீதம் வரை இருக்கும். 'ஒரு சதவீதம்தானே' என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள்.

மாதம் 5,000 ரூபாய், 20 வருஷம். நாம் போடுவது மொத்தம் 12 லட்சம்.

• 12 சதவீத வளர்ச்சி என்றால் கிடைப்பது சுமார் 49.9 லட்சம்.
• 11.5 சதவீதம் என்றால் சுமார் 46.7 லட்சம்.
• 11 சதவீதம் என்றால் சுமார் 43.7 லட்சம்.

சந்தை 12 சதவீதம் தரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இது வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு மட்டுமே. ஆனால், அந்த ஒரு சதவீதத்தின் விலை 6 லட்சத்துக்கும் மேல்.

அம்மா சொன்ன பதில்

இதையெல்லாம் நான் பெரிய மேதாவி மாதிரி விளக்கி முடித்ததும், அம்மா அமைதியாக ஒன்று சொன்னார்.

"நீ சொல்றது சரிதான். ஆனா, அந்த பிராஞ்ச்ல இருந்த பொண்ணு சொல்லலைன்னா நான் இதை ஆரம்பிச்சே இருக்க மாட்டேன். கொரோனா நேரத்துல எல்லாம் விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா? நிறுத்திடலாம்னு அவளுக்குத்தான் போன் பண்ணேன். 'டீச்சர், இப்போ நிறுத்தாதீங்க, இப்பதான் குறைஞ்ச விலையில கிடைக்குது'ன்னு சொன்னா."

2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. பயந்துபோய் எஸ்.ஐ.பி-யை நிறுத்தியவர்கள் பலர். அம்மா நிறுத்தவில்லை. அந்த ஒரு போன் காலின் மதிப்பு, அதுவரை போன கமிஷனைவிட அதிகம். இதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த நேரத்தில் நான் ஹாஸ்டல் காலியாகி வீட்டுக்கு வந்து வெப் சீரிஸ் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்போ அந்த அக்கா எங்கம்மா?"

"சேலத்துக்கு மாத்திட்டாங்க. மூணு வருஷம் இருக்கும். இப்போ யார் இருக்காங்கன்னே தெரியாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உதவி நின்று மூன்று வருஷம் ஆகிறது. கமிஷன் மட்டும் நிற்கவில்லை. அம்மாவின் மெயிலைத் திறந்தோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை, அதாவது சி.ஏ.எஸ், படிக்கப்படாமலே கிடந்தது. பான் நம்பரைப் போட்டுத் திறந்தால், அந்த ஆறு மாதத்தில் விநியோகஸ்தருக்குப் போன கமிஷன் ரூபாயிலேயே இருந்தது: 2,200 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்.

"இது அந்தப் பொண்ணுக்குப் போகுதுன்னா சந்தோஷமா கொடுப்பேன்" என்றார் அம்மா. அவருக்குப் போகவில்லை. பேங்க்குக்குப் போகிறது.

ஆப்பைத் திறக்கும் முன் நான்கு கேள்விகள்

பேங்க் ஆப்பில் முதலீடு செய்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. கே.ஒய்.சி ஏற்கெனவே முடிந்திருக்கும். பணம் அதே கணக்கிலிருந்து போகும். எல்லாம் ஒரே திரையில் தெரியும். முதல் முறை முதலீடு செய்பவருக்கு இது பெரிய வசதி. ஆனால், கீழே இருக்கும் நான்கையும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

1. ரெகுலரா, டைரக்டா? ஃபண்டின் முழுப் பெயரைப் படியுங்கள். பெரும்பாலான பேங்க் ஆப்களில் ரெகுலர்தான் கிடைக்கும். டைரக்ட் வேண்டும் என்றால் ஃபண்டு நிறுவனத்தின் இணையதளம், எம்.எஃப் சென்ட்ரல், டைரக்ட் பிளான் தரும் ஆப்கள் என வழிகள் உண்டு.

2. இது ஃபண்டா, இன்ஷூரன்ஸா? ஒரே 'முதலீடு' பகுதியில் யூலிப் பாலிசிகளும் பக்கத்திலேயே இருக்கும். யூலிப்பில் 5 வருஷத்துக்குப் பணத்தை வெளியே எடுக்க முடியாது. 'பிரீமியம்' என்ற வார்த்தையைப் பார்த்தால் அங்கேயே நின்று யோசியுங்கள்.

3. போன் செய்தால் யார் எடுப்பார்? கமிஷன் என்பது உதவிக்கான விலை. முதலீடு செய்யும் முன்பே ஒரு சந்தேகம் கேட்டுப் பாருங்கள். ஆள் கிடைத்து, பொறுமையாகப் பதில் சொன்னால், அந்த விலை சிலருக்கு நியாயமானதே. யாரும் கிடைக்கவில்லை என்றால் எதற்கு விலை?

4. நாமினி சரியா? ஃபண்டுக்கான நாமினி தனி. சேமிப்புக் கணக்கில் பெயர் கொடுத்துவிட்டேன் என்று விட்டுவிடாதீர்கள்.

ஏற்கெனவே ரெகுலரில் இருந்தால்?

அவசரப்பட்டு எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒரே ஃபண்டில் ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறினாலும், வருமான வரிக் கணக்கில் அது விற்றுவிட்டு மறுபடி வாங்குவதுதான். பங்குச் சந்தை ஃபண்டுகளில் ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து கிடைத்த லாபத்தில், ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். ஒரு வருஷம் முடியாத யூனிட்டுகளுக்குப் பல ஃபண்டுகளில் 1 சதவீதம் வெளியேறும் கட்டணமும் உண்டு. எஸ்.ஐ.பி-யில் ஒவ்வொரு மாதத் தவணைக்கும் இந்த ஒரு வருஷத்தைத் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும்.

அம்மா போட்டது மூன்றரை லட்சத்துக்கு மேல். இப்போது ஐந்தரை லட்சம். லாபம் சுமார் 1.9 லட்சம். ஒரே தடவையில் மாற்றினால் வரி வரும். அதனால் பாதியை மார்ச்சிலும், மீதியை அடுத்த நிதியாண்டு பிறக்கும் ஏப்ரலிலும் மாற்றலாம் என்று முடிவு செய்தோம். பழைய எஸ்.ஐ.பி-யை நிறுத்திவிட்டு, டைரக்டில் புதிதாக ஒன்று ஆரம்பித்தோம். ஓ.டி.பி-யை அம்மாவே போட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் போட்டார்.

கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கேட்டார்.

"ஏன்டி, திரும்பவும் மார்க்கெட் அப்படி விழுந்தா, நான் யாருக்குப் போன் பண்ணட்டும்?"

"எனக்குப் பண்ணும்மா."

"நீ எடுப்பியா?"

அம்மாவை டைரக்டுக்கு மாற்றிய நாளிலிருந்து அந்த வேலை என்னுடையது. உங்கள் வீட்டிலும் அப்பா, அம்மாவின் பேங்க் ஆப்பைத் திறந்து 'ரெகுலர்' என்ற வார்த்தையைப் பார்த்தால், மாற்றிக் கொடுங்கள். அதோடு, அவர்கள் போன் செய்தால் எடுங்கள்.