நிலக்கரி வியாபாரியின் மகன்

குருமடத்திலிருந்து விடுமுறைக்கு ஊர் வந்த பையனிடம் பழைய கூட்டாளிகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான். இப்போது அவர்கள் ஆலைத் தொழிலாளிகள். இவனோ நாளைய சாமியார். நம்மை விட்டு மேல்தட்டோடு சேர்ந்துவிட்டான் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். பெல்ஜியத்தின் ஹல்லே ஊரில் பட்ட இந்தக் காயம் ஜோசப் கார்டைனுக்குக் கடைசிவரை ஆறவே இல்லை. ஆறாமல் போனதும் நல்லதற்கே என்பேன்.

1882இல் பிறந்தவர். அப்பா சிறிய நிலக்கரி வியாபாரி. பிள்ளை வேலைக்குப் போய்க் கைகொடுப்பான் என்று வீடு காத்திருந்த வயதில், குருவாக வேண்டும், மேலே படிக்க வேண்டும் என்று கேட்டான் மகன். பெற்றவர்கள் மறுக்கவில்லை, கூடுதலாக உழைத்தார்கள். 1903இல் அப்பாவின் மரணப் படுக்கையருகே, என் உயிர் தொழிலாளர்களுக்கே என்று மகன் உறுதி எடுத்தார். மூன்று ஆண்டுகளில் குருப்பட்டம். 1912இல் பிரஸ்ஸல்ஸில் லாக்கன் பங்கின் உதவிக் குருவாக வந்தார்.

அங்கே அவர் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தையல் வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகளையும், பதின்மூன்று பதினான்கு வயதில் பட்டறைக்குள் நுழைந்த பையன்களையும் தேடிப்போய்க் கேள்வி கேட்டார். விடியற்காலை எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய், கூலி எவ்வளவு, மேற்பார்வையாளர் எப்படி நடத்துகிறார், உடன் வேலை செய்கிறவர்களின் வீட்டு நிலைமை என்ன. பதிலை அவர்களே விசாரித்துக் கொண்டுவர வேண்டும். அதை நற்செய்தியின் முன் வைத்து, இது சரியா என்று அவர்களே முடிவுகட்ட வேண்டும். பிறகு ஏதாவது ஒன்றைச் செய்தே ஆக வேண்டும், சின்னதாக இருந்தாலும். பார், சிந்தி, செயல்படு என்று இன்று கத்தோலிக்க மாணவர் முகாம்களில் சொல்லித்தரப்படும் முறை இப்படிப் பிறந்ததுதான். நம் பங்குகளில் இளைஞர் இயக்கம் என்றால் திருவிழாவுக்குச் சீரியல் பல்பு கட்டுவதும் நாற்காலி போடுவதும் என்று ஆகிவிட்டதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மூன்றில் நடுச்சொல்லை எங்கே தொலைத்தோம் என்று மனம் கிடந்து தவிக்கிறது.

இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் 1925இல் முறையாக உருவானது. எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. கத்தோலிக்க இளைஞருக்கு ஒரே அமைப்பு போதாதா, தொழிலாளிக்குத் தனியாக எதற்கு, இது வர்க்கப் பிரிவினை அல்லவா என்று திருச்சபைக்குள்ளேயே கேட்டார்கள். கார்டைன் ரோமுக்கே போய்த் திருத்தந்தை பதினோராம் பயஸைப் பார்த்தார். தொழிலாளர்களின் மீட்புக்காகத் தம்மையே தேய்த்துக்கொள்ள வந்திருப்பதாகச் சொன்னார். திருத்தந்தை அவர் பக்கம் நின்றார்.

இயக்கத்தைத் தொடக்கத்திலிருந்து தோளில் சுமந்தவர்கள் மூன்று இளைஞர்கள்: ஃபெர்னான் டோனே, பால் கார்சே, ஜாக் மேர்ட். கார்டைனைப் பற்றிப் பேசும்போது இவர்களை விட்டுவிடுவது பெரிய அநீதி. இரண்டு உலகப் போர்களிலும் ஜெர்மானியர் கார்டைனைச் சிறையில் அடைத்தார்கள். அவர் உயிரோடு வெளியே வந்தார். டோனேயும் கார்சேயும் 1945இல் தாஹாவ் வதைமுகாமில் இறந்தார்கள்.

1961இல் திருத்தந்தை 23ஆம் யோவான், தம் சமூகச் சுற்றுமடலில் அந்த மூன்று படிகளையே திருச்சபை முழுவதற்கும் பரிந்துரைத்தார். 1965இல், 82 வயதில், கார்டைன் கர்தினால் ஆக்கப்பட்டார். அதே ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் சமயச் சுதந்திரத்தை ஆதரித்து எழுந்து பேசினார். இளைஞரை உலகத்திலிருந்து அடைத்துவைத்துக் காப்பாற்ற முடியாது, சுதந்திரமாகத் தீர்மானிக்கப் பழக்கினால்தான் அவர்கள் நிற்பார்கள் என்பது அந்த முதியவரின் வாதம். ஆயர்கள் நிறைந்த அந்தச் சபையில் அவர் சாட்சிக்கு அழைத்தது, தாம் அறுபது ஆண்டுகளாகப் பழகிய தொழிலாளிப் பிள்ளைகளை.