பயப்பட வேண்டியது எந்த மருந்துக்கு?

எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று ஊரில் தெரிந்த நாளிலிருந்து, போன் செய்கிற சொந்தக்காரர்களில் பாதிப் பேர் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். "அந்த ஊசியெல்லாம் வேண்டாம்ப்பா, எதிர்ப்பு சக்தி மொத்தமா போயிடும்." மீதிப் பேர் எதிர்ப்பு சக்தியை ஏற்றுவதற்கு சீந்தில் கஷாயம் சிபாரிசு செய்கிறார்கள். இரண்டு கோஷ்டியும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறது. இரண்டு கோஷ்டியும் சொல்வது தப்பு என்பதுதான் இந்தப் பதிவு.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு பெங்களூரில் வங்கிக் கடன் பிரிவில் குப்பை கொட்டுகிறவன். ஆனால் ஒன்பது வருடமாக இந்த நோயோடு குடித்தனம் நடத்துவதால் கொஞ்சம் படித்து வைத்திருக்கிறேன். இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், மாயவரத்தில் இருக்கும் ஒரு உறவுக்காரப் பையன். வயது இருபத்து நாலு. அவனுக்கும் இதே நோய். டாக்டர் பயாலஜிக் ஊசிக்கு மாறச் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. வீட்டில் விடவில்லை. பதிலாக என்ன நடக்கிறது? வயிறு கெடும்போதெல்லாம் பழைய சீட்டை மெடிக்கல் ஷாப்பில் நீட்டி பிரெட்னிசலோன் வாங்கிப் போட்டுக்கொள்கிறான். சின்ன மாத்திரை, விலையும் சொற்பம். அதனால் யாருக்கும் பயமில்லை.

முதலில் நோயைப் பற்றி. கொலைட்டிஸ் ஆகட்டும், அதன் பங்காளியான கிரோன்ஸ் ஆகட்டும், எதிர்ப்பு சக்தி குறைந்து வருவதில்லை. குடலில் காவல் காக்க வேண்டிய செல்கள் அடங்க மறுத்து, சொந்தக் குடலையே புண்ணாக்குவதால் வருகிறது. சண்டை போடுகிறவன் கையில் இன்னொரு கம்பைக் கொடுப்பதா வைத்தியம்? 2021-இல் மும்பை டாக்டர்கள், சீந்தில் சாப்பிட்டதால் கல்லீரல் கெட்டதாகக் கருதிய ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. சர்ச்சை எப்படியோ போகட்டும், எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் என்று விற்கப்படும் எதையும் நான் தொடுவதாக இல்லை.

இனி மருந்துகள். எதிர்ப்பு சக்தியை நம் ஆட்கள் சேமிப்புக் கணக்கு பேலன்ஸ் மாதிரி நினைக்கிறார்கள், கூடும் அல்லது குறையும் என்று. உண்மையில் அது பல கதவுகள் உள்ள கட்டடம். ஒவ்வொரு மருந்தும் வேறு வேறு கதவைச் சாத்துகிறது. மெசலமைன் பெரிதாக எதையும் சாத்துவதில்லை, குடல் சுவரோடு அதன் வேலை முடிந்தது. வெடோலிசுமாப், ரத்தத்திலிருந்து குடலுக்குள் போகும் வெள்ளை அணுக்களை மட்டும் வாசலில் நிறுத்துகிறது. டோஃபாசிடினிப் மாத்திரை அக்கியைக் கிளப்பிவிடும் என்று பேர் வாங்கியது. (அக்கிக்கு உயிரற்ற தடுப்பூசி 2023-இல் இந்தியாவுக்கு வந்துவிட்டது. மாத்திரை தொடங்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள்.)

ஸ்டீராய்டு? எல்லாக் கதவையும் ஒரே சமயத்தில் சாத்தும். தீ பிடித்த வீட்டுக்கு அது வேண்டும், நான் மறுக்கவில்லை. சில வாரங்களில் எரிச்சலை அணைத்துவிட்டு, டாக்டர் சொன்ன கணக்குப்படி குறைத்து வெளியே வர வேண்டும். தினம் 20 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு மேல் என்றாலே எதிர்ப்பு சக்தி அடங்கிய ஆள் என்று டாக்டர்கள் கணக்கில் வைக்கிறார்கள். எலும்பு, சர்க்கரை, கண்புரை எல்லாம் தனி. இத்தனையும் கொடுத்தாலும் நோயை நீண்ட நாள் அடக்கி வைக்கும் திறமை அதற்குக் கிடையாது. அதற்காக இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே தானாக நிறுத்திவிடாதீர்கள். பல வாரம் சாப்பிட்டவர்களுக்கு அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும், சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

கொரோனா வந்தபோது இதற்கு ஒரு பரீட்சை நடந்தது. குடல் அழற்சி நோயாளிகளுக்குக் கொரோனா வந்தால் என்ன ஆகிறது என்று பல நாட்டு டாக்டர்கள் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். 2020-இல் வெளிவந்த முதல் கணக்கில் 33 நாடுகள், 525 நோயாளிகள். ஸ்டீராய்டில் இருந்தவர்கள் கவலைக்கிடமாகும் வாய்ப்பு பல மடங்கு கூடுதல். எல்லோரும் பயந்த டிஎன்எஃப் தடுப்பு ஊசிக்காரர்களுக்கு அப்படிக் கூடுதலாகத் தெரியவில்லை.

அப்படியென்றால் ஊசி சாது என்று சொல்கிறேனா? இல்லை. இங்கேதான் நம் நாட்டு விஷயம் வருகிறது.

இன்ஃப்ளிக்சிமாப் 1998-இல் அமெரிக்காவில் கிரோன்ஸுக்கு அனுமதி பெற்றது. 2001-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு கட்டுரை: ஊசி போட்ட 70 பேருக்குக் காசநோய். அதில் 48 பேருக்கு மூன்று ஊசிக்குள்ளேயே. பாதிக்கு மேல் நுரையீரலுக்கு வெளியே. காரணம் எளிது. காசக் கிருமி நம்மில் பலர் உடம்பில் வருடக்கணக்காகத் தூங்கும். வெள்ளை அணுக்கள் அதைச் சுற்றிக் கோட்டை கட்டி வைத்திருக்கும். அந்தக் கோட்டைக்குச் சுண்ணாம்பு, டிஎன்எஃப் என்ற பொருள். ஊசி அதைத்தான் உறிஞ்சி எடுக்கிறது. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இருக்கும் நாடு நம்முடையது. தேசியக் காசநோய் நிறுவனம் இதே பெங்களூரில்தான் 1959-லிருந்து இருக்கிறது. ஐரோப்பாக்காரனைவிட நமக்கு இந்தச் சோதனை எத்தனை முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

"சின்ன வயசுலயே பிசிஜி போட்டாச்சே" என்பார்கள். கையில் தழும்பையும் காட்டுவார்கள். நம்ம செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய பெரிய பரிசோதனையின் பதினைந்து வருடக் கணக்கு 1999-இல் வெளிவந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்பதுதான் முடிவு. (குழந்தைகளை மூளைக் காய்ச்சல் வகைக் காசத்திலிருந்து அது காப்பாற்றுகிறது. அது வேறு கதை.)

ஆகவே ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரே, மாண்டூ, ஐஜிஆர்ஏ ரத்தப் பரிசோதனை, கூடவே ஹெபடைட்டிஸ் பி. கேஒய்சி இல்லாமல் நாங்கள் கணக்கு தொடங்குவதில்லை, அந்த மாதிரி. இதிலும் ஸ்டீராய்டின் கைவரிசை உண்டு. அதைச் சாப்பிட்டுக்கொண்டே மாண்டூ போட்டால், கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். தூங்கும் கிருமி தெரியவந்தால், முதலில் தடுப்பு மாத்திரை கொஞ்ச நாள், பிறகு ஊசி. இன்னொரு சிக்கல், குடல் காசநோயும் கிரோன்ஸும் பார்க்க அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். காசத்தை கிரோன்ஸ் என்று நினைத்து இந்த ஊசியைப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் டாக்டர்கள் முதலில் காசமாத்திரை கொடுத்து, இரண்டு மாதம் கழித்துக் குடலை மறுபடி பார்ப்பது அதனால்தான். அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

அசதயோபிரின் பற்றியும் ஒரு வார்த்தை. சிலருக்கு வெள்ளை அணுக்களை அது பாதாளத்துக்குத் தள்ளிவிடும். யாருக்கு என்று கண்டுபிடிக்க வெள்ளைக்காரர்களுக்காக வந்தது டிபிஎம்டி பரிசோதனை. நம்மில் பலருக்கு அது நார்மல் என்று வந்தும் அணுக்கள் விழுந்தன. 2014-இல் கொரிய ஆய்வாளர்கள் என்யுடிடி15 என்ற இன்னொரு மரபணுவைக் காட்டினார்கள். இந்தியர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அந்த மாற்றம் உண்டு. தொடங்கிய சில வாரத்தில் முடி கொத்தாகக் கொட்டினால் ஷாம்பூவை மாற்றாதீர்கள், ரத்தம் எடுங்கள். பரிசோதனை செய்ய வழியில்லையென்றாலும் முதல் இரண்டு மாதம் அடிக்கடி ரத்த எண்ணிக்கை பார்ப்பதற்குப் பெரிய செலவில்லை.

இன்னொன்று, பெண்களுக்கு. டிஎன்எஃப் ஊசி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். நம் ஊரில் பிறந்ததும் பிசிஜி, அதுவோ உயிருள்ள தடுப்பூசி. 2010-இல் லண்டனிலிருந்து, அப்படி பிசிஜி போட்ட ஒரு பச்சைக் குழந்தை இறந்ததாக ஒரு கட்டுரை வந்தது. தாய் நோய்க்காக ஊசி போட்டுக்கொள்வதில் தப்பில்லை, பெரும்பாலும் அதுதான் நல்லது. ஆனால் பிசிஜியை ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தள்ளிப்போடச் சொல்கிறார்கள். பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு இது தெரியும் என்று நம்பி உட்காராமல், நர்ஸ் ஊசியோடு வருவதற்கு முன்பே நாம் சொல்லிவிட வேண்டும்.

பணம் ஒரு காரணம் என்றால் அதை ஒப்புக்கொள்கிறேன், பயம் என்று பேர் வைக்க வேண்டாம். அடாலிமுமாபுக்கு 2014 டிசம்பரில் இந்தியாவிலேயே பயோசிமிலர் வந்தது. இன்ஃப்ளிக்சிமாபுக்கும் உண்டு. விலை முன்பு மாதிரி இல்லை, ஆனாலும் நடுத்தரக் குடும்பத்துக்குக் கடிதான். 2019-இல் காப்பீட்டு ஆணையம், ஊசியாகப் போடும் மோனோகுளோனல் ஆன்டிபாடி சிகிச்சையை பாலிசியில் விலக்கி வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. கம்பெனிகள் அதற்கு உச்சவரம்பு வைத்திருப்பார்கள். பாலிசியில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள், சின்ன எழுத்தில் இருக்கும். மாயவரத்துப் பையனின் அப்பாவிடம் பாலிசியை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அந்த எழுத்துகளைப் படிப்பது எனக்குப் பழக்கமான வேலைதான் :-)