கயிறு அறுவது எடையால் மட்டுமல்ல... மரம் வெட்டும் முன் இதைக் கவனியுங்கள்!

ஆனி, ஆடி வந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று, உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளை மட்டும் சுழற்றுவதில்லை. அணையை ஒட்டியிருக்கும் அமராவதி நகர் வரை, வீட்டோரம் நிற்கும் தென்னையையும் வேம்பையும் சேர்த்தே ஆட்டிப் பார்க்கிறது. "ஓட்டு மேல விழறதுக்குள்ள வெட்டிப்போடலாம்" என்று ஆள் தேடுவதும் அப்போதுதான்.

கூலி எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறோம். என்ன கயிறு கொண்டுவருகிறார்கள் என்று கேட்பதில்லை. ஆனால், வெட்டிய கிளை தரைக்கு வருமா, கூரைக்கு வருமா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கயிறுதான்.

எடைக் கணக்கு

பச்சை மரத்தின் எடையைத் தோராயமாகத் தண்ணீரின் எடையாகவே வைத்துக்கொள்ளலாம். 1 அடி விட்டம், 6 அடி நீளமுள்ள துண்டு சுமார் 130 கிலோ இருக்கும். விட்டம் 2 அடியானால் 260 கிலோ அல்ல, 500 கிலோவையே தாண்டிவிடும். தடிமன் இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்கு.

அந்த 130 கிலோ துண்டு 4 அடி விழுந்து, அடுத்த 1 அடிக்குள் கயிற்றில் நின்றால், கயிறு தாங்க வேண்டிய இழுவை சராசரியாக 650 கிலோ. கயிறு கப்பி வழியாகப் போனால், இரண்டு பக்கமும் கீழ்நோக்கி இழுப்பதால், கப்பியைக் கட்டிய கிளைமீது ஏறக்குறைய 1,300 கிலோ சுமை விழும். கயிறு தாங்கினாலும் கிளை முறியலாம். அதே துண்டை விழவிடாமல், கயிற்றை அடிமரத்தில் சில சுற்று சுற்றி மெல்ல இறக்கினால் இந்த அதிர்ச்சியே இல்லை.

எந்தக் கயிறு?

பனியன் ஊர்க்காரர்களுக்கு நூலின் தரம் சொல்லித் தர வேண்டியதில்லை. விளையாட்டு டி-ஷர்ட்டில் இருக்கும் பாலியஸ்டர்தான் மரவேலைக் கயிற்றிலும் நம்பகமானது. நைலான் நன்றாக இழுபட்டு அதிர்ச்சியைத் தாங்கும். நனைந்தால் பலம் சற்றுக் குறையும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் கிடந்தால் நைந்துவிடும், உரசல் சூட்டில் இளகும். கிணற்றடியில் கிடக்கும் பழைய கயிறு வேண்டவே வேண்டாம்.

முடிச்சு போட்ட இடத்தில் கயிற்றின் பலம் மூன்றில் ஒரு பங்கோ, அதற்கு மேலோ குறையலாம். அதனால்தான் அறுபடும் பலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏற்றக் கூடாது என்பது மரவேலையில் பாதுகாப்பான கணக்கு. 130 கிலோ துண்டுக்கு 1,300 கிலோ தாங்கும் கயிறு வேண்டும்.

இவையும் முக்கியம்

* ஏறுபவரின் இடுப்புக் கயிறு வேறு, கிளை இறக்கும் கயிறு வேறாக இருக்க வேண்டும்.
* 2016-ல் வர்தாவும் 2018-ல் கஜாவும் சாய்த்ததுபோல வேர் கிளம்பி நிற்கும் மரத்தில் ஏறவோ, கப்பி கட்டவோ கூடாது. அது கிரேன் வேலை.
* அருகில் மின்கம்பி இருந்தால், மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகே அரிவாளை எடுக்க வேண்டும்.
* வேலை முடியும்வரை குழந்தைகள் வாசலுக்கு வரக் கூடாது.

அடுத்த முறை கூலி பேசும்போதே கேட்டுவிடுங்கள்: "ஏனுங்ண்ணா, கயிறு எப்ப வாங்குனதுங்க?" மரத்தின் மேலே நிற்கப்போவது அவர்தான். பழைய கயிறு என்று பதில் வந்தால், புதுக் கயிற்றுக்கான பணத்தையும் கூலியோடு சேர்த்தே பேசிவிடுங்கள்.