ஒட்டும் பசைக்கு அவகாசம் தாருங்கள்

"போன வருடம் வைத்த பூச்சு அதற்குள் பெயர்ந்துவிட்டதே! மட்டமான பசையைப் போட்டுவிட்டார்களா?" பல் மருத்துவப் பிரிவுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. கேட்பவரின் ஆதங்கம் நியாயமானதே. ஆயினும், நம் தருமபுரி மாவட்டத்தில் இதற்கான விடையைப் பசைக் குப்பியில் தேடுமுன் பல்லில் தேட வேண்டும். அந்தப் பல் முளைக்குமுன் நாம் குடித்த நீரிலும் தேட வேண்டும் என்பது எம் கருத்து.

பல் நிறப் பூச்சு, சுவரில் சிமெண்ட் அப்புவதுபோல் வைக்கப்படுவதன்று. பல்லின் மேலுறையாகிய எனாமல் பெரும்பாலும் தாதுப்பொருளால் ஆனது, வழவழப்பானது. அதன்மேல் பசை தானாகப் பற்றாது. பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சிறிது பதப்படுத்தினால் பிசின் உறுதியாகப் பிடிக்கிறது என்பதை 1955ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் புவோனோகோர் எடுத்துக்காட்டினார். இன்றும் அடிப்படை அதுவே. அமிலம் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகளை உண்டாக்குகிறது. நீர்மமான பசை அவற்றுக்குள் இறங்கி, நீல ஒளி பட்டதும் இறுகிவிடுகிறது. மரத்தை வேர் தாங்குவதுபோல் பூச்சைத் தாங்குவன இந்த நுண்வேர்களே.

நம் ஊர்ப் பற்களில் சிக்கல் தொடங்கும் இடமும் இதுதான். இங்குள்ள பாறைகளில் உள்ள ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காதபோது 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. அந்த அளவை மீறிய ஆழ்துளைக் கிணறுகள் நம் மாவட்டத்தில் பல. நிலைத்த முன்பற்களின் எனாமல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் இந்நீரைத் தொடர்ந்து பருகினால், எனாமலின் உட்பகுதி முதிராமல் நுண்துளைகளுடன் நின்றுவிடுகிறது. வெளிப்படலமோ ஃபுளோரைடு மிகுந்து, அமிலத்துக்கு எளிதில் கரையாததாகிறது. அளவாக இருக்கையில் சொத்தையைத் தடுக்கும் அதே குணம், அளவு மீறுகையில் மருத்துவர் வைக்கும் அமிலத்தையும் தடுக்கிறது. குழிகள் ஆழமாக விழாவிட்டால் பசைக்கு வேர் ஏது?

வெண்புள்ளிகள் மட்டும் உள்ள பல்லுக்குப் பெரும்பாலும் வழக்கமான முறையே போதும். பழுப்பேறிக் குழி விழுந்த பல்லுக்கு, மேற்படலத்தை மெல்லியதாக நீக்கி, அமிலத்தைக் கூடுதல் நேரம் வைக்க வேண்டியிருக்கும். அதன்பின் ஒரு துளி எச்சில் பட்டாலும் நுண்குழிகள் அடைபட்டு, முதலிலிருந்து தொடங்க நேரும். ஆகவே, இச்சிகிச்சையில் விலையுயர்ந்த பசையினும் தேவையானது அவகாசம். "சீக்கிரம் முடியுங்கள், பேருந்துக்கு நேரமாகிறது" என்று நோயாளிகள் அவசரப்படுத்தலாகாது. வெளியே கூட்டம் நிற்கிறது என்று மருத்துவர்களாகிய நாங்களும் விநாடிகளைக் குறைக்கலாகாது. சிறுவயதில் எந்த ஊரில், எந்த நீரைக் குடித்து வளர்ந்தீர்கள் என்பதை நாற்காலியில் அமர்ந்ததும் சொல்லுங்கள். அது எங்களுக்குப் பெரிதும் உதவும்.

பெற்றோருக்கு மேலும் ஒரு வேண்டுகோள். இந்தப் பழுப்பு அழுக்கன்று. "ஒழுங்காகப் பல் துலக்கவில்லை" என்று பிள்ளையைக் கடிந்துகொள்வது, செய்யாத குற்றத்துக்குத் தண்டனை தருவதாகும். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல் இன்னொரு காயம். செங்கல் பொடியாலோ கரித்தூளாலோ தேய்த்தால் கறை போகாது. எஞ்சிய எனாமல்தான் தேயும்.

ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியுடன் உருவான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டில் தொடங்கிவைக்கப்பட்டது. ஃபுளோரைடு பாதிப்பைத் தணிப்பதே அதன் நோக்கங்களுள் ஒன்று. அந்தக் காவிரி நீர் குறைவாக வரும் நாளில், அதைக் குடிக்கவும் சமைக்கவும் முதலில் ஒதுக்குங்கள். துவைக்கவும் குளிக்கவும் ஆழ்துளைக் கிணற்று நீர் போதும். கொதிக்கவைப்பதால் ஃபுளோரைடு நீங்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டில் இது இன்றியமையாதது.

பெயர்ந்த பூச்சை நாங்கள் மீண்டும் ஒட்டித் தருவோம். ஆனால், குறையின்றி வளர்ந்த எனாமலுக்கு ஈடான பசை எதுவும் இல்லை. அதை அடுத்த தலைமுறைக்குத் தரக்கூடியது நம் வீட்டுக் குடிநீர்க் குடமே.