மதம் மட்டுமா கப்பல் ஏற்றியது?

ஆங்கிலேயர் அமெரிக்காவில் போய்க் குடியேறியது ஏன் என்று கேட்டால், ‘மதச் சுதந்திரம் தேடி’ என்ற பதில் சட்டென்று வரும். 1620இல் மேஃப்ளவர் கப்பலில் போனவர்களின் கதை அந்த அளவுக்குப் பரவியிருக்கிறது. கதை பொய்யில்லை. ஆனால் அதற்குள்ளேயே ஒரு முடிச்சு இருக்கிறது.

அந்தக் கப்பலில் போன 102 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் இங்கிலாந்துத் திருச்சபையை விட்டுப் பிரிந்தவர்கள். அவர்களில் பலர் அதற்கு முன் பத்தாண்டுக்கு மேல் ஹாலந்தின் லெய்டன் நகரில் இருந்தவர்கள். அங்கே அவர்கள் வழிபாட்டை யாரும் தடுக்கவில்லை. அப்புறம் ஏன் கிளம்பினார்கள்? அவர்களில் ஒருவரான வில்லியம் பிராட்ஃபோர்டே காரணங்களை எழுதிவைத்திருக்கிறார். பிழைப்பு கடினம், பிள்ளைகளும் உழைத்து உழைத்து இளமையிலேயே தளர்ந்தார்கள், சிலர் ஊர்ப்பழக்கத்தில் கலந்து பெற்றோரின் கையை விட்டுப் போனார்கள். ஹாலந்துக்கு ஸ்பெயினுடன் இருந்த போர்நிறுத்தமும் முடியவிருந்தது.

1630களில் மாசசூசெட்ஸுக்குப் போன, திருச்சபையைச் சீர்திருத்த விரும்பிய பியூரிட்டன்களுக்கு மதம் உண்மையிலேயே பெரிய காரணம். ஆனால் அவர்கள் கேட்ட சுதந்திரம் தங்களுக்கு மட்டும். பின்னாளில் பாஸ்டனில் வேறொரு கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் நான்கு பேரைத் தூக்கிலிட்டதும் அவர்களேதான்.

இவர்களுக்கெல்லாம் முன்பே, 1607இல், வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயர் இறங்கிவிட்டார்கள். அனுப்பியது வர்ஜீனியா கம்பெனி. பங்குபோட்டவர்கள் எதிர்பார்த்தது லாபம். தங்கம் கிடைக்கவில்லை, பஞ்சம்தான் கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்துப் புகையிலை கைகொடுத்தது. புகையிலைக்கு ஆள் வேண்டும். இங்கிலாந்திலோ ஆள் மிஞ்சிக் கிடந்தது. 1550இல் சுமார் 30 லட்சமாக இருந்த மக்கள்தொகை, நூறாண்டில் 50 லட்சத்தைத் தாண்டியது. பொது மேய்ச்சல் நிலங்களுக்குப் பல ஊர்களில் வேலி விழுந்தது. விலைவாசி ஏறியது, கூலி அதற்கு ஈடாக ஏறவில்லை.

கப்பல் கட்டணத்துக்கு வழியில்லாதவர்கள் நான்கு முதல் ஏழு ஆண்டு வேலைசெய்ய ஒப்பந்தம் எழுதிக்கொடுத்துப் போனார்கள். 17ஆம் நூற்றாண்டில் வர்ஜீனியாவுக்கும் மேரிலாந்துக்கும் போனவர்களில் பெரும்பான்மையோர் இப்படிப்பட்டவர்களே. (1860 முதல் நம்மவர்கள் தென்னாப்பிரிக்காவில் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனதும் இதே ஏற்பாட்டின் வாரிசான ஐந்தாண்டு ஒப்பந்தத்தில்தான்.) வர்ஜீனியாவில் தவணை முடியும் முன்பே காய்ச்சலில் செத்தவர்கள் ஏராளம். ஆகவே ‘ஏன் போனார்கள்’ என்பதோடு ‘யார் அனுப்பினார்கள்’ என்றும் கேட்கவேண்டும்.

அனுப்பியவருக்கு ஆதாயம் இருந்தது. 1618இல் கம்பெனி கொண்டுவந்த விதிப்படி, அழைத்துவரும் ஆள் ஒருவருக்கு 50 ஏக்கர். அது போய்ச் சேர்ந்தது செலவைக் கொடுத்தவருக்கு. அப்படிப் பங்கிட்டது அங்கே முன்பே வாழ்ந்துவந்த பவ்ஹாட்டன் பழங்குடி மக்களின் மக்காச்சோளக் கொல்லைகளையும் வேட்டைக்காடுகளையும். 1622இல் அவர்கள் திருப்பித் தாக்கியதில் குடியேறியவர்கள் 347 பேர் மாண்டார்கள். இரண்டே ஆண்டில் அரசர் கம்பெனியைக் கலைத்தார். 50 ஏக்கர் விதியை மட்டும் யாரும் கலைக்கவில்லை. ஆள் ஏற்றிய கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன.