பைபாஸ்ல இறக்கி விடாதீங்க சாமி!

மதுரையில திருநெல்வேலி பஸ் ஏறும்போது "கோவில்பட்டி ஊருக்குள்ள போகுமா?"ன்னு கேட்டுட்டுத்தான் ஏறணும். இது எங்க கரிசக்காட்டுல பச்சப்புள்ளைக்கும் தெரியும். கேக்காம ஏறினா நாலுவழிச்சாலையில இறக்கி விட்டு, "அந்தா தெரியுது பாருங்க ஊரு"ன்னு கை காட்டிட்டுப் போயிருவாங்க. விக்கிப்பீடியாவுக்குச் சுட்டி கொடுக்குற நம்ம மக்கள்ல முக்காவாசிப் பேரு பாக்குறதும் இந்த வேலையைத்தான். ஒரு நீளமான கட்டுரையோட தலைவாசல்ல ஆளை இறக்கி விட்டுட்டு, "உள்ள எங்கயோ இருக்கு, தேடிக்கோ".

இதுல என்ன பெரிய குத்தம்னு கேப்பீங்க. எட்டப்பன் சண்டையை எடுத்துக்கோங்க. கோவில்பட்டியிலருந்து கொஞ்ச தூரத்துலதான் எட்டயபுரம். பாரதி பொறந்த மண்ணு. ஆனா 'எட்டப்பன்'ன்னு சொன்னா தமிழ்நாடு முழுக்க துரோகின்னுதான் அர்த்தம். அது ஒரு தனி ஆளோட பேரு கிடையாது, அந்தப் பாளையத்து அரசர்களுக்கு வழிவழியா வந்த பட்டம். கட்டபொம்மனுக்கு எதிரா எட்டயபுரம் கம்பெனி பக்கம் நின்னது நிஜம். அதே சமயம் கட்டபொம்மனைப் பிடிச்சுக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆளுங்க. 1799 அக்டோபர் 16-ல கயத்தாறுல தூக்குல போட்டாங்க. இந்த விவாதம் எங்க நடந்தாலும், ரெண்டு தரப்பும் "விக்கியில போட்டிருக்கு பாரு"ன்னு கட்டபொம்மன் கட்டுரையோட ஒரே சுட்டியைத்தான் மாத்தி மாத்தி வீசும். யாரும் படிக்கிறதில்ல, படிக்க வேண்டிய கட்டாயமும் இல்ல. அதையே குறிப்பிட்ட உட்தலைப்புக்குச் சுட்டி கொடுத்துப் பாருங்க. நீங்க எந்தப் பத்தியை நம்பிப் பேசுறீங்கன்னு எதிராளிக்குத் தெரிஞ்சிரும். அதுக்குக் கீழ மேற்கோள் இருக்கா இல்லையான்னும் தெரிஞ்சிரும். ஒருவேளை அதனாலதான் யாரும் கொடுக்குறதில்லையோ என்னவோ :-)

கொடுக்குறது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல. பக்க முகவரிக்குப் பின்னாடி ஒரு # போட்டு உட்தலைப்பு பேரு, நடுவுல இடைவெளி வந்தா அடிக்கோடு. அம்புட்டுதான். பொருளடக்கத்துல அந்தத் தலைப்பை ஒரு தட்டு தட்டினா முகவரிப் பட்டையில தானா வந்துரும். போன்ல படிக்கிறவங்களுக்கு இது இன்னும் அவசியம். மொபைல் பக்கத்துல உட்தலைப்பு எல்லாம் பெரும்பாலும் மூடியே கிடக்கும். # போட்ட சுட்டியில போனா அந்தப் பகுதி மட்டும் திறந்து நிக்கும்.

தமிழுக்குன்னு ஒரு தலைவலி உண்டு, அதையும் சொல்லிடறேன். முகவரியை காப்பி பண்ணும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூணு பைட்டா உடைஞ்சு, சதவீதக் குறியோட ஒன்பது எழுத்தா மாறும். 'கோவில்பட்டி'ங்கிற ஒத்தைச் சொல் 99 எழுத்து! அதோட உட்தலைப்பும் சேர்ந்தா அனுமார் வால்தான். பாதியில வெட்டுப்பட்டு வந்த சுட்டிகளை நிறையப் பாத்திருக்கேன்.

நிஜமான பிரச்சனை வேற. யாராவது புண்ணியவான் 'தொழில்'ங்கிற தலைப்பை 'தீப்பெட்டித் தொழில்'னு மாத்திட்டா நம்ம சுட்டி செத்துப் போகும். அதுவும் சத்தமில்லாம. #-க்குப் பின்னாடி இருக்கிறதை உலாவி வழங்கிக்கு அனுப்புறதே இல்ல. அதனால "பக்கம் இல்லை"ன்னு பிழைச்செய்தி எதுவும் வராது, பக்கத்தோட உச்சியில கொண்டுபோய் நிறுத்திடும். மறுபடியும் பைபாஸ்.

ஒரே பக்கத்துல ரெண்டு இடத்துல 'வரலாறு'ன்னு தலைப்பு வச்சா கூத்து இன்னும் ஜோர். ரெண்டாவதுக்கு மென்பொருளே வாலுல 2 போட்டுக்கும். மேல இன்னொரு 'வரலாறு' நுழைஞ்சா 2 மூணாயிரும், நம்ம சுட்டி வேற வரலாற்றைக் காட்டும். குறளுக்கு நம்பர் சொல்றோமே, அதுவும் பரிமேலழகர் வைப்புமுறையை எல்லாரும் ஏத்துக்கிட்டதாலதான் நிக்குது. மணக்குடவர் உரையைப் பிரிச்சா வரிசை மாறும், நம்பரும் தடுமாறும்.

நம்ம தாலுகா ஆபீஸை என்ன வேணா திட்டுங்க, இந்த விஷயத்துல அவங்க கெட்டி. நிலத்தை மறுபடி அளந்து நம்பர் மாறினா பழைய சர்வே நம்பருக்கு எது புது நம்பர்னு பதிவேடு வச்சிருப்பாங்க. பத்திரத்துலயும் ரெண்டையும் எழுதுவாங்க. தாத்தா காலத்துப் பத்திரத்தை வச்சு இன்னைக்கு வரப்பைக் கண்டுபிடிக்க முடியுதுன்னா அதனாலதான். விக்கியிலயும் இதுக்கு வழி இருக்கு. தலைப்பை மாத்தும்போது அதுக்கு மேல பழைய பேரையே ஐடியா வச்சு ஒரு ஸ்பான் டேக் போட்டா போதும், பழைய சுட்டிகள் எல்லாம் உயிரோட இருக்கும். இருபது செகண்ட் வேலை. தலைப்பைத் திருத்துறவங்க செய்யவேண்டிய குறைந்தபட்ச மரியாதை இதுன்னு நான் நினைக்கிறேன். செய்யாதவங்களை என்ன செய்றது? ஒண்ணும் செய்ய முடியாது, தன்னார்வ வேலையாச்சே.

சின்ன ஊர்களுக்கு இன்னொரு உத்தி இருக்கு. தனிக்கட்டுரை எழுத ஆள் இல்லாத விஷயத்தை எல்லாம் பெரிய கட்டுரைக்குள்ள ஒரு பகுதியா வச்சுட்டு, அந்தப் பேருல ஒரு வழிமாற்றுப் பக்கம் போட்டு நேரா அந்தப் பகுதிக்குத் திருப்பி விடலாம். தேடுறவனுக்கு ஊரு தொலையாது. உட்தலைப்பு மாறினாலும் வழிமாற்றை மட்டும் ஒரு இடத்துல திருத்தினா போதும். தலைப்பை மாத்துறவர் அதைக் கவனிக்கணும், அது வேற கதை.

2020-ல குரோம், ஒரு வாக்கியத்தையே சுட்டுற வசதியைக் கொண்டாந்தது. வார்த்தையைத் தேர்ந்தெடுத்து வலது சொடுக்கினா கிடைக்கும். மத்த உலாவிகளும் பின்னாடி வந்து சேந்துக்கிச்சு. அருமையான வசதிதான், ஆனா விக்கியில அதை நம்பிப் பந்தயம் கட்டாதீங்க. தலைப்பாவது வருசக்கணக்குல நிக்கும். வாக்கியத்துல இருக்கிற சந்திப்பிழையைத் திருத்த நாளைக்கே ஒருத்தர் வந்துருவார்.