பழுக்க மறுத்த தக்காளி

வாங்கி ஒரு வாரமாகியும் குழையாத தக்காளியைக் கண்டிருப்பீர்கள். நெடுநாள் தாங்கும் வீரிய ஒட்டு இரகங்கள் பலவற்றுக்கு மூலம், 1960களில் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட, சிவக்காமல் மஞ்சளாகவே நின்றுவிடும் ஒரு தக்காளிச் செடியாகும். தனித்து அது சமையலுக்கு உதவாது. ஆனால், நன்கு பழுக்கும் இரகத்தின் பூ மலருமுன் அதன் மகரந்தப் பைகளை அகற்றி, இதன் மகரந்தத்தைத் தடவியபோது, மெதுவாகப் பழுத்துப் பல நாள் கெடாதிருக்கும் கனி கிடைத்தது. சுவை சற்றுக் குறைவுதான். எங்கள் வீட்டு ரசமே சாட்சி! விலை சரிந்த நாளில் விளைந்ததைச் சாலையோரம் கொட்டிச் செல்லும் விவசாயிக்கோ அந்தச் சில நாள்களே பெரிது. எனினும், அக்கனியின் விதையையே எடுத்து அவர் மறுபடி விதைத்தால், ஏறத்தாழ நான்கில் ஒரு செடி பாட்டனாரைப் போலவே பழுக்க மறுத்துவிடும்.